பாதியில் நின்ற கம்பம்

கேட் போட்டிருக்கும்போது ஒருவன் சைக்கிளை எப்படி நிறுத்துகிறான் என்பதைப் பார்த்தாலே அவன் யார், எங்கே வேலை பார்க்கிறான், வீட்டில் யாராவது அவனுக்காகக் காத்திருக்கிறார்களா என்பதுவரை பேச்சிராஜுக்குத் தெரிந்துவிடும். சங்கரன்கோவிலுக்கு வடக்கே உள்ள ரயில்வே கேட்டில் அவனுக்கு ஏழு வருட வேலை. கணிதத்தில் பட்டம் வாங்கி, பரீட்சை எழுதி, கேட்கீப்பராக வந்தவன். அந்த வேலையில் ரயிலைப் பார்க்கிற நேரம் கொஞ்சம். நிற்கிறவர்களைப் பார்க்கிற நேரம்தான் அதிகம்.

அவர்களுக்கெல்லாம் பெயர் வைத்தவள் அவன் மனைவி பொன்செல்வி. மத்தியானம் சோறு கொண்டு வருவாள். மதுரை வண்டி போகும்வரை கேபின் வாசலில் உட்கார்ந்துகொண்டு, நிற்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பாள். ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறு காலைப் பெடலில் வைத்து, தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிற தறிக்காரர்கள் கொக்குகள். கம்பத்துக்கு அடியில் சைக்கிளைச் சாய்த்து இழுத்துக்கொண்டு ஓடுகிறவன் கரப்பான். பூ மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றிப் போகிறவன் எறும்பு. இறங்கினால் மறுபடி ஏறி மிதிக்க முடியாதென்று, முன்சக்கரத்தைக் கம்பத்தில் முட்டுக்கொடுத்து சீட்டிலேயே உட்கார்ந்திருப்பான்.

பன் விற்கும் முகம்மது ஹுசைன் காலை ஊன்றவே மாட்டார். பின்னால் பன் பெட்டி ஆட, கேட் திறக்கும்வரை ரோட்டில் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டிருப்பார். அவர் பம்பரம். கல்லூரி வாத்தியார் கண்ணனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, உடம்போடு ஒட்டிய பனியன் எல்லாம் போட்டுக் கியர் சைக்கிளில் வாசுதேவநல்லூர்வரை போய்த் திரும்புகிறவர். கேட்டில் நின்ற நேரம் கணக்கில் சேரக்கூடாதென்று கைக்கடிகாரத்தை அமுக்கிவிட்டுத்தான் நிற்பார்.

"உங்களுக்குத்தான் என்ன பேரு வைக்கன்னு தெரியல" என்று ஒருநாள் சொன்னாள். "நீங்க ஓட்டவா செய்யுதிய. எல்லாரையும் நிறுத்தத்தானே செய்யுதிய."

அவள் போய்ப் பதினான்கு மாதமாகிறது. மத்தியானம் மதுரை வண்டிக்காகக் கேட் இறங்கிக்கொண்டிருந்தபோது, முந்திப் போய்விடலாமென்று வந்த மினி லாரி ஒன்று முன்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த பெண்ணின் மேல் ஏறியது. வழக்கில் அப்படித்தான் எழுதியிருந்தது.

லாரியை ஓட்டியவன் பெயர் ஆறுமுகச்சாமி. கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்துக்காரன். ஜாமீனில் வந்தபிறகு அவன் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. டவுனில் ஒரு தறிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினான். அவன் ஊரிலிருந்து டவுனுக்கு வர இந்தக் கேட்டைத் தாண்டித்தான் ஆகவேண்டும். சுரங்கப்பாதை இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் சுற்று, அதிலும் பாதி நாள் தண்ணீர் நிற்கும்.

அவன் சைக்கிளை லாரி மாதிரி ஓட்டினான். திரும்புமுன் கழுத்தை முழுதாகத் திருப்பிப் பின்னால் பார்ப்பான். வளைவில் கை காட்டுவான். பள்ளத்துக்கு இருபதடி முன்னாலேயே வேகத்தைக் குறைப்பான். கேட்டுக்கு ஐம்பது தப்படி இருக்கும்போது இறங்கிவிடுவான். கேட் திறந்திருந்தாலும் சரி, மூடியிருந்தாலும் சரி. தலையைக் குனிந்துகொண்டு உருட்டி வருவான். தண்டவாளத்தைத் தாண்டி, கேபினைத் தாண்டி, இன்னும் ஐம்பது தப்படி நடந்தபிறகுதான் ஏறுவான். காலையில் எட்டரை மணிக்கு ஒருதரம், மாலையில் ஐந்து பத்துக்கு ஒருதரம். பதினான்கு மாதத்தில் அவனும் பேச்சிராஜும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவனுக்குப் பெயர் வைக்கவும் ஆள் இல்லை.

ஆடி பிறந்து காற்று அடிக்க ஆரம்பித்த வாரத்தில், செவ்வாய்க்கிழமை மாலை, கேட்டில் மூன்று புது ஆட்கள் நின்றார்கள். டவுன் பக்கம், கூட்டத்தோடு கூட்டமாக நின்றார்கள். மற்ற யார் கண்ணிலும் அவர்கள் பட்டிருக்க மாட்டார்கள். பேச்சிராஜ் கண்ணில் பட்டார்கள்.

ஒருவன் நெட்டை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் வந்திருந்தான். முழங்கால் இரண்டும் ஹேண்டில்பாரில் இடித்தது. இன்னொருவன் எறும்பு மாதிரி பூக்கூடை கட்டி வந்திருந்தான். பூ மார்க்கெட் காலையில் கலைந்துவிடும், மாலை ஐந்து மணிக்கு எறும்புக்கு அங்கே வேலை கிடையாது. மூன்றாமவன் புதுக் கியர் சைக்கிளில் கைலி கட்டி உட்கார்ந்திருந்தான். கியர் சைக்கிளில் கைலியைப் பேச்சிராஜ் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தான்.

கூடைக்காரன் நிறுத்த வந்தபோது கையில் பிரேக்கைப் பிடிக்கவில்லை. வலது காலை அழுத்தினான். சைக்கிள் போய்க் கம்பத்தில் முட்டியது. கேட் திறந்ததும் நெட்டையன் பெடலை மிதிப்பதற்கு முன்னால் வலது கைப்பிடியை முறுக்கினான். மூன்று பேரும் வருடக்கணக்காகப் பைக்கில் திரிந்தவர்கள். சைக்கிளை எங்கேயோ வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சைக்கிளுக்கு நம்பர் பிளேட் இல்லை. பஜாரில் எத்தனை கேமரா இருந்தாலும் சைக்கிள்காரனை யாரும் தேடமாட்டார்கள்.

கேட் திறந்து கூட்டம் போனபிறகும் அவர்கள் போகவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் காத்து நின்று, கடைசியாக ஆறுமுகச்சாமி உருட்டிக்கொண்டு வந்தான். மூன்று தலையும் ஒன்றாகத் திரும்பின.

புதன்கிழமையும் வந்தார்கள். கூட்டம் கலைந்ததும் கூடைக்காரன் தண்டவாளத்தைத் தாண்டிக் கேபினுக்கு வந்தான். முப்பது வயதிருக்கும். சிவந்த கண். தண்ணீர் கேட்டான். பேச்சிராஜ் பானையிலிருந்து மோந்து கொடுத்தான். நிதானமாகக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தான்.

"என்ன வே, ரெண்டு நாளா எங்களையே பாக்குதீரு."

"நிக்கவங்களப் பாக்கதுதான் என் வேலை."

"ஒம்ம வேலை கேட்டப் போடுதது." அவன் சிரித்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தாமலேயே விஷயத்தைச் சொன்னான். சித்திரையில் கோயில் கொடைத் திருவிழாவன்றைக்கு ஆறுமுகச்சாமியின் தம்பி இவனுடைய அண்ணனைக் கழுத்தில் வெட்டினான். அண்ணன் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டே செத்தான். தம்பி இப்போது பாளையங்கோட்டை ஜெயிலில் இருக்கிறான். மதில் பெரிது.

"அவன் உள்ள இருக்கான். இவன் வெளிய இருக்கான். அவ்வளவுதான்."

பேச்சிராஜ் பானையை மூடினான்.

"ஒம்ம பொண்டாட்டிய ஏத்திக் கொன்னவன்தான வே அவன். விசாரிச்சிட்டுத்தான் ஒம்மகிட்ட வந்தேன். நாளைக்கு அஞ்சு பத்துக்குக் கேட் போட்டிருக்கணும். பூட்டுன கேட்டு முன்னால வந்து நிப்பான். எங்களுக்கு அது போதும். நீரு வேற ஒண்ணும் செய்யாண்டாம்."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

உண்மையில் பேச்சிராஜ் எதையும் புதிதாகச் செய்யவேண்டியதில்லை. செங்கோட்டை வண்டி ஐந்தே காலுக்குக் கேட்டைக் கடக்கும். ஐந்து ஏழுக்குக் கேட்டைப் போடவேண்டும், சட்டம் அப்படி. ஆறுமுகச்சாமி ஐந்து பத்துக்கு வருவான். தினமும் மூடிய கேட்டின் முன்னால் நின்றுதான் போகிறான். வேலையை ஒழுங்காகச் செய்தாலே போதும். ஆள் செத்துவிடுவான். அவனோடு சேர்ந்து இன்னொன்றும் செத்துவிடும்.

அது என்னவென்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

கேட் கம்பங்களை ஒரு இரும்புக் கைப்பிடியைச் சுற்றித்தான் இறக்கவேண்டும். சுற்ற ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் அந்த இடைவெளியைப் பார்த்து ஆட்கள் பாய்வார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம். கேட்டைப் பூட்டி, சாவியைப் பெட்டியில் செருகித் திருகினால்தான் ரயிலுக்கு சிக்னல் விழும்.

அவள் செத்த அன்றைக்கு மத்தியானம் அவன் சுற்றிக்கொண்டிருந்தபோது பொன்செல்வி தூரத்தில் வந்துகொண்டிருந்தாள். கேபின் இந்தப் பக்கம், அவள் டவுன் பக்கம். கேட்டைப் போட்டுவிட்டால் பத்து நிமிடம் வெயிலில் நிற்கவேண்டும். கையில் தூக்குச்சட்டி. அவன் கைப்பிடியை நிறுத்தினான். சக்கரத்தின் இரும்புப் பல்லில் மாட்டிவிட்டு, வா என்று கையைக் காட்டினான். கம்பம் பாதியில் நின்றது. அவள் சிரித்துக்கொண்டே எழும்பி மிதித்தாள். பின்னால் வந்த மினி லாரியும் அதே இடைவெளியைப் பார்த்தது.

பின்சக்கரம் இடுப்பில் ஏறி இறங்கியது. அவள் தண்டவாளத்தின் மேல் கிடந்தாள். அவன் ஓடிப்போய் அவளை இழுத்து ரோட்டோரத்தில் போட்டான். சோறு முழுக்க ஜல்லியில் சிதறிக் கிடந்தது. போன் அடித்துக்கொண்டிருந்தது. அவன் திரும்பி ஓடிக் கேட்டைப் போட்டான், பூட்டினான், பூட்டியதற்கான எண்ணை ஸ்டேஷனுக்குச் சொன்னான், பதிவேட்டில் எழுதினான், பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மதுரை வண்டி பதினான்கு பெட்டி. அதைக் கடத்திவிட்டுத்தான் அவளிடம் போனான். அந்த ஆறு நிமிடமும் அவள் தலையைத் தன் மடியில் வைத்திருந்தவன் ஆறுமுகச்சாமி. ஓடவில்லை. போனபோது அவள் கண் திறந்திருந்தது, உயிர் இல்லை.

கம்பம் பாதியில் நின்றதைப் பேச்சிராஜ் யாரிடமும் சொல்லவில்லை. ஆறுமுகச்சாமியும் போலீசில் சொல்லவில்லை. கேட் இறங்கும்போது நான்தான் பாய்ந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஏன் என்று பேச்சிராஜுக்கு இன்றுவரை தெரியாது. வழக்கு இன்னும் முடியவில்லை. என்றைக்காவது ஒருநாள் வக்கீல் கேட்டால் அவன் சொல்லலாம்.

கூடைக்காரன் வந்துபோன அந்தப் புதன்கிழமை மாலை போலீசுக்குப் போன் பண்ண எடுத்தான். வைத்துவிட்டான். வந்தால் முதலில் கேட்பார்கள், உனக்கும் அவனுக்கும் என்ன என்று. பழைய மத்தியானத்தைத் தோண்டுவார்கள். வீட்டுக்குப் போய்க் குளித்தான். சாப்பிட்டான். ருசி தெரியவில்லை, அது புதிதல்ல.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு ஆறுமுகச்சாமி உருட்டிக்கொண்டு வந்தான். காற்றில் சட்டை படபடத்தது. பேச்சிராஜ் கேபினிலிருந்து இறங்கி அவன் முன்னால் போய் நின்றான். சைக்கிள் நின்றது.

"சாயங்காலம் இந்தப் பக்கம் வராத."

ஆறுமுகச்சாமி முகத்தைத் தூக்கினான். மீசையில் நரை ஏறியிருந்தது. "சார்?"

"சுரங்கப்பாதை வழியாச் சுத்திப் போ."

அவன் பேச்சிராஜின் காலைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அன்னைக்கு நீங்க கம்பத்த நிறுத்துனத நான் யார்ட்டயும் சொல்லல சார். கோர்ட்டுலயும் சொல்லமாட்டேன். அதுக்கு நீங்க பயப்படாண்டாம்."

அதுக்கில்லடே, மூணு பேரு உன்ன வெட்ட நிக்கானுவ என்று சொல்லவேண்டும். பேச்சிராஜ் வாயைத் திறந்தான். கேபினில் போன் அடித்தது. ஏழு வருடப் பழக்கம், கால் தானாகத் திரும்பியது. கூட்ஸ் வண்டி ஒன்று வருகிறதென்று ஸ்டேஷன் மாஸ்டர் ஞானபூரணம் சொன்னாள். எண்ணை எழுதிக்கொண்டு வெளியே வந்தபோது ஆறுமுகச்சாமி தண்டவாளத்தைத் தாண்டி ஏறி உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துவிட்டு மிதிக்க ஆரம்பித்திருந்தான். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. சொல்லியாயிற்று, வரமாட்டான் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

ஐந்து மணிக்கு மூன்று பேரும் வந்துவிட்டார்கள். நெட்டையன் வேப்பமரத்தடியில். கைலிக்காரன் ரோட்டின் மறு ஓரத்தில். கூடைக்காரன் கம்பத்தை ஒட்டி. கூடையின் மேல் வாழையிலை மூடியிருந்தது. கொக்குகள் நாலைந்து பேர் வந்து கேட்டைத் தாண்டிப் போனார்கள். காற்று செம்மண்ணை வாரி அடித்தது. ஆறுமுகச்சாமியை இன்னும் காணவில்லை.

ஐந்து ஏழுக்குப் போன் வந்தது. "பேச்சி, செங்கோட்டை வண்டிக்கு லைன் கொடுத்தாச்சு. கேட்டப் போட்டுட்டுச் சொல்லு" என்றாள் ஞானபூரணம்.

அவன் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தான். மணி அடித்துக்கொண்டு கம்பங்கள் இறங்கின. முகம்மது ஹுசைன் வந்து வட்டமடிக்கத் தொடங்கினார். கண்ணன் வந்து கடிகாரத்தை அமுக்கினார். அப்போது, தூரத்து வளைவில், ஒரு கை நீண்டது. ஆளில்லாத ரோட்டில், யாருக்கும் தேவையில்லாமல், வலது பக்கம் திரும்பப் போகிறேன் என்று காட்டிய கை.

வந்துவிட்டான்.

பேச்சிராஜின் கை சுற்றிக்கொண்டிருந்தது. இன்னும் எட்டுச் சுற்று. பூட்டு, சாவி, சிக்னல். அப்புறம் எதுவும் அவன் கையில் இல்லை. ரயில் பார்த்துக்கொள்ளும்.

கை நின்றது.

கைப்பிடியைப் பல்லில் மாட்டினான். கம்பங்கள் பாதியில் நின்று ஆடின. கேபின் விளிம்புக்கு வந்து, வா என்று கையைக் காட்டினான். அவன் ஒருவனை மட்டும் இந்தப் பக்கம் இழுத்துவிட்டால் போதும். சட்டென்று கம்பத்தை இறக்கிவிடலாம், வண்டி வந்துவிடும், மூன்று பேரும் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்வார்கள். சில நிமிட நேரம் கிடைத்தால் அவன் ஊர்ப்பக்கம் போய்விடுவான்.

ஆறுமுகச்சாமி ஐம்பது தப்படிக்கு அப்பால் இறங்கினான். தினமும் இறங்குகிற அதே இடம்.

"எறங்காத. ஏறு, ஏறி மிதி" என்று பேச்சிராஜ் கத்தினான். காற்று அதை அவன் முகத்திலேயே திருப்பி அடித்தது.

ஆறுமுகச்சாமி உருட்டிக்கொண்டு வந்தான். பாதியில் நிற்கிற கம்பத்தைப் பார்த்தான். கையாட்டுகிற பேச்சிராஜைப் பார்த்தான். ஒரு லாரி புகுந்து போகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. அவன் கம்பத்துக்கு முன்னால் நின்றுவிட்டான். மூடிய கேட்டின் முன்னால் நிற்பதுபோல, இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றான். பாதிக் கம்பத்துக்கு அடியில் இனி ஒருபோதும் போவதில்லை என்று அவன் உடம்பு எப்போதோ முடிவு பண்ணியிருந்தது.

கூடைக்காரன் வாழையிலையைத் தள்ளினான். அரிவாள் வெளியே வந்தது.

முதல் வெட்டு தோளில் விழுந்தது. சத்தம் விறகு பிளப்பதுபோல இருந்தது. ஆறுமுகச்சாமி கத்தவில்லை. சைக்கிளைத் தூக்கி முன்னால் பிடித்தான். இரண்டாவது வெட்டு ஹேண்டில்பாரில் பட்டு மணி ஒருதரம் அடித்தது. விரல்கள் மூன்று ரோட்டில் விழுந்தன. கைலிக்காரன் இடுப்பிலிருந்து உருவி விலாவில் குத்தினான். நெட்டையன் பின்னாலிருந்து ஓடி வந்து கழுத்தை நோக்கி ஓங்கினான். கண்ணன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். அவருடைய சைக்கிள் ஷூ தார்ரோட்டில் டக் டக்கென்று வழுக்கியது, இரண்டு தரம் விழுந்து எழுந்து ஓடினார்.

முகம்மது ஹுசைன் வட்டத்தை நிறுத்தினார். அந்தக் கேட்டில் அவர் கால் தரையில் பட்டது அதுதான் முதல் தடவை. பன் பெட்டியைக் கயிற்றோடு பிய்த்து நெட்டையன் முகத்தில் எறிந்தார். கழுத்துக்கு வந்த அரிவாள் விலகி அவருடைய முன்கையைக் கிழித்தது. பன்கள் ரோடெங்கும் உருண்டு சிவந்தன.

பேச்சிராஜ் கைப்பிடியைக் கழற்றியிருந்தான். நாலு கிலோ இரும்பு. கம்பம் பல்லில் மாட்டியபடி பாதியில் நின்றது. கேட்டை விட்டு இறங்கக்கூடாது என்பது இன்னொரு பாடம். தண்டவாளத்தைத் தாண்டி ஓடினான். நெட்டையனின் முழங்காலில் முதல் அடி. அது எதிர்ப்பக்கமாக மடங்கியது. அவன் விழும்போதே தாடையில் இரண்டாவது அடி. பல் தெறித்தது. கைலிக்காரன் அதைப் பார்த்துவிட்டுக் கியர் சைக்கிளில் தாவி ஏறினான்.

கூடைக்காரன் திரும்பினான். முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது.

"ஏலே, இவன் ஒம் பொண்டாட்டியக் கொன்னவன்லா."

பேச்சிராஜ் அவன் மணிக்கட்டில் அடித்தான். அரிவாள் விழுந்தது. தோளில் அடித்தான். விழுந்தவன் முதுகில் அடித்தான். கீழே கிடந்தவனுடைய கை, விலா, கை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு சத்தம் வந்தது, அவனுக்குள் எந்தச் சத்தமும் இல்லை. பதினான்கு மாதமாக உடம்பில் சேர்ந்திருந்தது கை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது, ஆனாலும் குறைந்தபாடில்லை. இன்னும் அடித்திருப்பான். ரத்தம் வழிகிற கையோடு முகம்மது ஹுசைன் அவனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார்.

"போதும் வே. செத்துருவான். போதும்."

தூரத்தில் செங்கோட்டை வண்டி நீளமாக ஊதியது. கேட் பூட்டப்படவில்லை, சிக்னல் விழவில்லை. வண்டி நின்றுவிட்டது. மறுபடியும் ஊதியது. கேபினில் போன் அடிக்க ஆரம்பித்தது.

பேச்சிராஜ் அங்கே போகவில்லை. ரோட்டில் உட்கார்ந்து ஆறுமுகச்சாமியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். தோளிலிருந்து வந்த ரத்தம் அவன் மடியில் சூடாக விரிந்தது. துண்டை வைத்து அழுத்தினான். நிற்கவில்லை. ஆறுமுகச்சாமியின் கண் அவனைத்தான் பார்த்தது. உதடு அசைந்தது, காற்றுதான் வந்தது. போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. ரயிலிலிருந்து ஆட்கள் இறங்கித் தண்டவாளத்தில் நடந்து வந்தார்கள். வண்டி பதினோரு நிமிடம் நின்றது. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால் கண் அப்படியே நிலைத்துவிட்டது.

கைலிக்காரன் வெகுதூரம் போகவில்லை. கியர் மாற்றத் தெரியாமல் கண்டபடி திருகியதில் செயின் கழன்று, சுரங்கப்பாதைத் தண்ணீரில் சைக்கிளோடு கிடந்தவனை ஊர்க்காரர்கள் பிடித்துக் கட்டிவைத்தார்கள். நெட்டையனும் கூடைக்காரனும் பிழைத்துக்கொண்டார்கள். கூடைக்காரனின் வலது கை இனி எதையும் பிடிக்காது என்றார்கள்.

மூன்றாம் நாள் ஆறுமுகச்சாமியோடு தறி ஓட்டுகிறவன் ஒருவன் கேபினைத் தேடி வந்தான். சுற்றிப் போகச் சொல்லியும் ஏன் இந்தப் பக்கம் வந்தான் என்று பேச்சிராஜ் கேட்டதற்கு, அவனுக்குத் தெரிந்ததைச் சொன்னான். அன்றைக்கு ஆறுமுகச்சாமி நாலரைக்கே கையைக் கழுவினானாம். தலையைச் சீவினானாம். "கேட்டுக்காரரு இன்னைக்கு என்கூடப் பேசிட்டாரு. சாயங்காலம் நின்னு மாப்பு கேட்டுட்டுப் போயிருதேன். இனியும் தள்ளக்கூடாது" என்றானாம். சுற்றிப் போகச் சொன்னதை அவன் யாரிடமும் சொல்லவேயில்லை.

பேச்சிராஜ் கணக்குப் போட்டுப் பார்த்தான். பேசாமலே இருந்திருந்தால், கலவரம் ஒன்றும் இல்லாத ஒரு சாதாரண மாலையாக, தலையைக் குனிந்துகொண்டு வந்து வெட்டுப்பட்டிருப்பான். முழுதாகச் சொல்லியிருந்தால் வந்திருக்கவே மாட்டான். பாதி சொன்னதுதான் அவனைத் தலைசீவி வரவைத்தது.

அடுத்த வாரம் விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனிதர். பேச்சிராஜின் முதுகில் தட்டினார். ஒரு உயிரைக் காப்பாற்ற இறங்கினவன், வண்டி பதினோரு நிமிடம் நின்றதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். ஆனால் ஒரு விஷயம் மட்டும் இடித்தது. கம்பம் ஏன் பாதியில் நின்றது?

ஞானபூரணம் பக்கத்தில் இருந்தாள். வரும்போதே வாசலில் அவனிடம் சொல்லிவைத்திருந்தாள். காற்றில் மண் விழுந்து சக்கரம் இறுகிக்கொண்டது என்று சொல் தம்பி, நானும் ஒத்துக்கொள்கிறேன், அத்தோடு முடிந்துவிடும் என்று. அதிகாரியும் அதையேதான் எழுதக் காத்திருந்தார். பேனா காகிதத்தின் மேல் தயாராக இருந்தது.

"எறுகிட்டுன்னு எழுதிரலாமா பேச்சிராஜ்?"

பொன்செல்வி செத்த அன்றைக்குக் கம்பம் நின்றது தெரிந்த இரண்டு பேரில் ஒருவன் செத்தாயிற்று. இனி இந்த உலகத்தில் யாரும் சொல்லப்போவதில்லை. கோர்ட்டும் வக்கீலும் ஒன்றும் செய்யமுடியாது. முப்பத்தொரு வயது, இன்னும் இருபத்தொன்பது வருடச் சம்பளம், இந்தக் கேபின், இந்தக் கைப்பிடி, எல்லாம் அப்படியே இருக்கும்.

"எறுகல சார்" என்றான். "நான்தான் நிறுத்துனேன். இது ரெண்டாவது தடவை."

ஞானபூரணம் அவனைப் பார்த்தாள். அதிகாரி பேனாவை மூடவில்லை. அவன் முதல் தடவையிலிருந்து ஆரம்பித்தான். தேதி, மணி, எத்தனை சுற்று பாக்கியிருந்தது, அவள் எங்கே வந்துகொண்டிருந்தாள், எந்தக் கையால் வா என்று காட்டினான். நாலு பக்கம் ஆயிற்று. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான். லாரிக்காரன் மேல் இருந்த வழக்கில் இதையும் சேர்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டான். ஆள் செத்தபிறகு வழக்கு எதற்கு என்றார் அதிகாரி. இருந்தாலும் சேருங்கள் என்றான்.

சஸ்பெண்ட் உத்தரவு வந்ததும் சாவிக்கொத்தையும் கொடிகளையும் புதிதாக வந்த கேட்கீப்பரிடம் எண்ணிக் கொடுத்தான். கேபினுக்குப் பின்னால் பொன்செல்வியின் சைக்கிள் சாய்ந்திருந்தது. முன்பக்கத்தை நிமிர்த்தி வைத்ததோடு சரி, யாரும் ஓட்டியதில்லை. டயரில் காற்று இறங்கியிருந்தது. புதியவன் பம்பை எடுத்துக்கொடுத்தான். அடித்தான். டயர் பிடித்துக்கொண்டது.

வீடு டவுன் பக்கம். தண்டவாளத்தைத் தாண்டவேண்டும். கேட் திறந்துதான் இருந்தது, அடுத்த வண்டிக்கு இன்னும் முக்கால் மணி நேரம். ரோட்டில் வட்டமடிக்க யாரும் இல்லை.

அவன் ஏறவில்லை. உருட்டிக்கொண்டு போனான்.